நான்காவது துளை

கணேசமூர்த்தியிடம் யார் எந்தச் சாமானைப் பற்றிப் பேசினாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை கிலோ?" என்பதுதான். பெங்களூர் ஜோகுபாளையத்தில் அவர் குடியிருக்கும் சந்தில் யாராவது பீரோ வாங்கினாலும் சரி, மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி ஏற்றினாலும் சரி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போய் நின்று எடையைக் கேட்பார். சொன்ன எடையை நம்பவும் மாட்டார். பெண் பார்க்க வந்த அன்றைக்கே ஏதோ அப்படிக் கேட்டு வைத்தார் என்று அவர் மனைவி பிரபா இருபத்தெட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவர் மறுத்ததில்லை.

இருபத்திரண்டு வருஷம் ராணுவத்தின் பொறியாளர் படையில் இருந்துவிட்டு ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். அங்கே அவருடைய வேலை படகு. ஆற்றைக் கடக்கும் படகுகளின் பின்னால் மாட்டுகிற மோட்டாரைக் கழற்றுவார், துடைப்பார், மாட்டுவார், ஓட்டுவார். அசாமில் வெள்ளம் வந்தபோதெல்லாம் மாடும் மனுஷருமாக ஏற்றி இறக்கியிருக்கிறார். ஊர் திரும்பியபோது அந்த வித்தையால் பத்துப் பைசாவுக்குப் பிரயோஜனம் இல்லை. பெங்களூரில் படகுக்கு என்ன வேலை? கடைசியில் சர்ஜாப்பூர் சாலைக்கு உள்ளே ஒரு வில்லாக் குடியிருப்பில் பராமரிப்பு சூப்பர்வைசராகச் சேர்ந்து, ஜெனரேட்டரையும் செப்டிக் டேங்கையும் கட்டிக்கொண்டு அழுதார்.

அந்தக் குடியிருப்பில் நூற்று எண்பது வீடுகள். ஒரு காலத்தில் ஏரி இருந்த பள்ளத்தில் கட்டியவை. ஏரிக்காற்று வரும் என்று சொல்லி விற்றார்கள். இரண்டாயிரத்து இருபத்திரண்டு செப்டம்பர் மழையில் ஏரியே வந்தது. வெளிநாட்டுக் கார்கள் மூழ்கின. கோடீஸ்வரர்கள் நாய்க்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு டிராக்டரில் வெளியேறினார்கள். தண்ணீர் வடிந்து சேறெல்லாம் கழுவி முடித்ததும், குடியிருப்போர் சங்கம் கூடிப் பேசி, இனி ஒருத்தரையும் நம்புவதற்கில்லை, நமக்கென்று சொந்தமாக ஒரு படகு வேண்டும் என்று முடிவு செய்தது. சங்கச் செயலாளர் சஞ்சய். பொள்ளாச்சிக்காரன், மென்பொருள் கம்பெனியில் பெரிய பதவி, நாற்பதைத் தொடவில்லை. அவன் கணேசமூர்த்தியைக் கூப்பிட்டு, "மூர்த்தி சார், உங்களுக்குப் படகு பத்தித் தெரியுமாமே?" என்று கேட்டான்.

அன்று சாயங்காலம் கணேசமூர்த்தி வீட்டுக்கு வந்து, பிரபாவிடம் ஒரு மணி நேரம் மோட்டாரைப் பற்றியே பேசினார். அவர் அத்தனை பேசி அவள் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

படகு கொச்சியிலிருந்து லாரியில் வந்தது. பதினாலு அடி, தட்டையான அடி கொண்ட அலுமினியப் படகு. இருபத்தைந்து குதிரைத்திறன் மோட்டார். கணேசமூர்த்தியும் சங்கத்தினர் இரண்டு பேரும் ஒசகோட்டைப் பக்கம் ஒரு பெரிய ஏரிக்கு அதைக் கொண்டுபோய் ஓட்டிப் பார்த்தார்கள். சஞ்சய் போனில் வேகத்தைப் பார்த்துக் கத்தினான்.

"முப்பத்தெட்டு சார்! செமையா போகுது!"

"மூணு பேருக்குப் போகும் சார். வெள்ளத்துல எட்டுப் பேர் ஏறுவாங்க. எட்டுப் பேர் எத்தனை கிலோ?"

மறுவாரம் ஐம்பது கிலோ மணல் மூட்டைகள் ஒன்பதை அடுக்கி ஓட்டிக் காட்டினார். மோட்டார் முக்கியது. படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு தவழ்ந்தது. நிமிஷத்துக்கு ஐயாயிரத்துக்கு மேல் சுற்ற வேண்டிய மோட்டார் நாலாயிரத்து இருநூறைத் தாண்டவில்லை. ப்ரொப்பெல்லர் ஒரு சுற்றுக்குப் படகை எத்தனை அங்குலம் தள்ளப் பார்க்கிறதோ அதுதான் அதன் பிட்ச். வந்திருந்தது பதின்மூன்று. கடலோரத்தில் இருப்பவன் கடலோரக் கணக்குக்கு அனுப்பியிருந்தான். பெங்களூரோ மூவாயிரம் அடி உயரம். இங்கே மோட்டாருக்கு மூச்சு வாங்கும். பத்தில் ஒரு பங்கு பலம் காற்றோடு போய்விடும். அத்தோடு எட்டுப் பேர் சுமையும் சேர்ந்தால் பதின்மூன்று பிட்ச் என்பது ஏற்றத்தில் டாப் கியரில் லாரி ஓட்டுகிற கதை. கணேசமூர்த்தி பத்துப் பிட்சுக்கு எழுதச் சொன்னார். அது வந்தது. அதே ஒன்பது மூட்டையோடு மோட்டார் ஐயாயிரத்து முந்நூறு சுற்றியது, படகு சொன்னபடி கேட்டது. ஆனால் சுமையில்லாமல் போகும் வேகம் முப்பத்தெட்டிலிருந்து முப்பதுக்கு வந்துவிட்டது. காசு கொடுத்து வேகத்தைக் குறைத்த முதல் சங்கம் நாம்தான் என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதினார்.

அடுத்த வாதம் உலோகம். பளபளக்கிற எவர்சில்வர் ப்ரொப்பெல்லர் வேண்டும் என்றார்கள். "அலுமினியமே போதும் சார்," என்றார் இவர். "வேகத்தடையில இடிச்சா அலுமினியம் ரெக்கை உடையும், நான் வேற மாட்டிக்குவேன். எவர்சில்வர் உடையாது, உள்ள இருக்கிற கியரை உடைச்சிடும்." அதிலும் அவரே ஜெயித்தார்.

மூன்றாவது, ஜாக் பிளேட். படகின் பின்பலகைக்கும் மோட்டாருக்கும் நடுவில் மாட்டுகிற சட்டம் அது. மோட்டாரைச் சாய்க்காமல் நேராக மேலே தூக்கலாம், கீழே இறக்கலாம். குடியிருப்பின் தெருக்களில் வெள்ளம் வந்தால் இடுப்பளவுதான். அடியில் வேகத்தடைகள், பூத்தொட்டிகள், நடைபாதை விளிம்புகள். மோட்டாரை உயரத்தில் வைத்தால்தான் அங்கே தப்பிக்கலாம். ஆகவே ஜாக் பிளேட் வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எந்த மாதிரி என்பதில்தான் தகராறு. சஞ்சய் கம்ப்யூட்டரில் ஒன்றைக் காட்டினான். பட்டனை அழுத்தினால் எண்ணெய் அழுத்தத்தில் மோட்டார் தானே ஏறி இறங்கும், ஓடும்போதே மாற்றலாம். இன்னொன்று கையால் மாற்றுவது. ஓர் அங்குலத்துக்கு ஒன்றாக ஐந்து துளைகள். படகை நிறுத்தி, மோட்டாரின் பாரத்தைத் தாங்கிப் பிடித்து, போல்ட்டுகளைக் கழற்றி வேறு துளையில் முடுக்க வேண்டும்.

"பட்டன் வெச்சதே வாங்கிடலாம் சார். ஈஸியா இருக்கும்," என்றான் சஞ்சய்.

"சார், பட்டன் வெச்சதெல்லாம் மழைக்கு முன்னாடி வேலை செய்யும். மழை வந்தா படுத்துக்கும். நம்ம கேட்டு, நம்ம ஜெனரேட்டரு, நம்ம கேமரா எல்லாத்தையும் பாத்தீங்கல்ல? போல்ட்டு படுக்காது சார்."

கூட்டத்தில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். வெள்ளத்தன்று வாசல் கேட்டின் மோட்டார் திறக்காமல் அடம்பிடித்ததை யாரும் மறந்திருக்கவில்லை. சஞ்சயும் சிரித்தபடி விட்டுக்கொடுத்தான். போல்ட்டு வைத்ததே வந்தது.

அதை மாட்டும்போது கூட நின்றவன் நாகேஷ். குடியிருப்பின் பம்பு ஆபரேட்டர், முப்பத்தொரு வயது, எதையும் ஒருமுறை காட்டினால் போதும். அவன் அம்மா லட்சுமம்மா அங்கேயே துப்புரவு வேலை பார்த்தாள். மதிற்சுவருக்கு வெளியே, மழைநீர் போகிற ராஜகாலுவே என்ற பெரிய கால்வாயின் கரையில், தகரம் போட்ட வீடுகள் பன்னிரண்டு. அதில் ஒன்று அவர்களுடையது. லட்சுமம்மாவுக்குத் தண்ணீரைக் கண்டால் ஆகாது. படகைப் பார்க்க வந்தபோதும் நாலடி தள்ளியே நின்றாள்.

"மூர்த்தியண்ணா, இதுல என்னை ஏத்தணும்னா மயக்க ஊசி போட்டுத்தான் ஏத்தணும்," என்றாள்.

"உன்னை ஏத்தினா நாலு பேர் எடத்தைக் கழிச்சுக்கணும் லட்சுமம்மா."

அவள் துடைப்பத்தை ஓங்கினாள். நாகேஷ் சிரித்துக்கொண்டே ஸ்பேனரை நீட்டினான்.

எந்தத் துளை என்பதை முறையாகச் சோதித்துத்தான் முடிவு செய்தார் கணேசமூர்த்தி. ஒன்பது மூட்டைகளைப் படகு முழுக்கப் பரப்பினார். உச்சியில் இருந்த ஐந்தாவது துளையில் மோட்டாரைக் குளிர்விக்கிற தண்ணீர் சரியாக ஏறவில்லை. நான்காவதில் நீர் நன்றாகப் பீய்ச்சியது, ப்ரொப்பெல்லர் பிடி தளரவில்லை. ராணுவத்தில் பழகிய சோதனை அது. நான்காவதிலேயே முடுக்கி, போல்ட்டின் தலையில் சிவப்புப் பெயின்ட் வைத்தார். அவர் மேற்பார்வையில் ஓடிய அந்தப் படகைப் பார்க்கப் பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள்கூட வந்து போனார்கள்.

மூன்று மழைக்காலம் படகுக்கு வேலை வரவில்லை. தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. மாதம் ஒருமுறை டிரம்மில் தண்ணீர் நிரப்பி மோட்டாரை ஓட்டி வைப்பார். பிறகு ஒரு மே மாதம், இரவெல்லாம் கொட்டி, விடிந்தபோது குடியிருப்பின் தெருக்களில் இடுப்பளவு தண்ணீர் நின்றது.

அன்று காலை ஆறரையிலிருந்து பதினொன்றுவரை கணேசமூர்த்தி பதினேழு நடை ஓட்டினார். நாகேஷ் முன்னால் மூங்கிலோடு நின்று வழி சொன்னான். வேகத்தடைகளின்மேல் படகு வழுக்கிக்கொண்டு போனது, ஒரு கீறல் விழவில்லை. சக்கர நாற்காலியில் இருந்த பெரியவர் ஒருவரை நாற்காலியோடு ஏற்றி இறக்கினார்கள். ஜனங்கள் சொன்ன இடத்தில் உட்கார்ந்தார்கள். மாடியிலிருந்து யாரோ கைதட்டினார்கள். இருபத்திரண்டு வருஷம் வீணாகவில்லை என்று அவருக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக அவர் பின்னால் வெட்கப்பட்டார்.

பதினொரு மணிக்கு நாகேஷின் போன் அடித்தது. பேசிவிட்டு அவன் கணேசமூர்த்தியிடம் திரும்பினான்.

"அண்ணா, ராஜகாலுவே ஒடஞ்சிடுச்சாம். எங்க வீட்டாண்ட கழுத்தளவு தண்ணி. அம்மா எல்லாம் சுவர்மேல ஏறி நிக்கிறாங்களாம்."

சஞ்சய் கேட்டருகில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. "இங்க மத்தவங்க மாடியில இருந்துக்கலாம். நீங்க போங்க சார், சீக்கிரம் போங்க," என்றான்.

கேட்டைத் தாண்டும்போது கணேசமூர்த்தி ஒரு கணம் மோட்டாரைப் பார்த்தார். வெளியே ஆழம், வேகத்தடைக் கவலை இல்லை, உடைந்த கால்வாயின் வேகம் சாலையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஓடுகிறது. மோட்டாரை இரண்டு துளை கீழே இறக்கினால் நல்லது. அதற்குப் பத்து நிமிஷம் ஆகும். சுவர்மேல் நாகேஷின் அம்மா நிற்கிறாள். அப்படியே போனார்.

போகும்போது ஒன்றும் ஆகவில்லை. சுவரிலிருந்து ஏழு பேரை இறக்கிப் படகில் உட்கார வைத்தார்கள். லட்சுமம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏறினாள். நாகேஷ் அவளுக்கு லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, வாரை இழுத்துக் கட்டினான். அவள் நடுவில் உட்கார்ந்து பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மூட்டைக் கணக்குப்படி பாரம் சரியாகவே இருந்தது.

திரும்பும்போது, கால்வாய்த் தண்ணீர் சாலையைக் கடக்கிற இடத்தில் படகு முக்கி முக்கி ஏறிக்கொண்டிருந்தது. கேட்டில் நின்ற காவலாளிகள் கயிறு வீசினார்கள். கயிறு படகின் மூக்கில் வந்து விழுந்தது. நாகேஷ் அதைப் பாய்ந்து பிடித்தான். தனி ஆளாக இழுக்க முடியவில்லை. திரும்பிப் பார்த்து, "முந்தே பன்னி! எல்லாம் முன்னாடி வாங்க! கயித்தைப் பிடிங்க!" என்று கன்னடமும் தமிழுமாகக் கத்தினான். ஏழு பேரும் எழுந்து முன்னால் போனார்கள். தண்ணீரைக் கண்டால் மயங்குகிற லட்சுமம்மாவும், மகன் கூப்பிட்டதால், பலகையை விட்டுவிட்டு எழுந்து போனாள். "உட்காருங்க!" என்று கணேசமூர்த்தி அலறியது மழையில் யாருக்கும் கேட்கவில்லை.

படகின் மூக்கு தாழ்ந்தது. பின்பக்கம் தூக்கியது. மோட்டார் திடீரென்று வீறிட்டது. ப்ரொப்பெல்லர் காற்றைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஐந்தாறு வினாடி இருக்கும். தள்ளுவதற்கு ஒன்றுமில்லாத படகை வெள்ளம் பக்கவாட்டில் திருப்பி, அங்கிருந்த சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவரில் அறைந்தது. எல்லோரும் பின்னால் விழுந்தார்கள். லட்சுமம்மா வெளியே விழுந்தாள். பாரம் பின்னால் வந்ததும் மோட்டார் பழையபடி தண்ணீரைக் கவ்வி, மிச்சமிருந்தவர்களைக் கேட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. நாகேஷ் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, அம்மா விழுந்த பக்கம் குதிக்கப் போனான். இரண்டு பேர் அவனைக் கட்டிப் பிடித்து நிறுத்தினார்கள். அவள் ஜாக்கெட் போட்டிருந்தாள். பாலத்துக்கு அடியில் இழுத்துக்கொண்டு போகிற தண்ணீருக்கு அது ஒரு பொருட்டாக இல்லை.

மறுநாள் காலை தீயணைப்புக்காரர்கள் கால்வாய் நெடுகத் தேடிக்கொண்டிருந்தார்கள். கணேசமூர்த்தி விடியற்காலையிலேயே வந்து, குடியிருப்பின் தாழ்ந்த மூலையில் வடியாமல் நின்ற தண்ணீருக்குப் படகைத் தள்ளிக்கொண்டு போனார். யாரும் அவரைக் கேட்கவில்லை. படகை ஒரு மரத்தில் கயிற்றால் கட்டினார். ஒன்பது மணல் மூட்டைகளையும் ஒவ்வொன்றாகச் சுமந்து வந்து, இந்த முறை எல்லாவற்றையும் மூக்கில் அடுக்கினார். மோட்டாரை முடுக்கினார். வீறிட்டது, கயிறு தொய்ந்தே கிடந்தது. நிறுத்தி, போல்ட்டுகளைக் கழற்றி, மோட்டாரை இரண்டாவது துளைக்கு இறக்கினார். மறுபடி முடுக்கினார். கயிறு விண்ணென்று இழுத்தது, மரக்கிளை ஆடியது.

மூட்டை எழுந்து முன்னால் ஓடாது. ஜவான்களும் ஓட மாட்டார்கள். உட்கார் என்றால் உட்கார்ந்திருப்பார்கள். அவர் வாழ்நாளில் ஏற்றிய சுமை எல்லாம் வைத்த இடத்தில் இருந்தவை. அசாமில்கூடக் கரையில் ஒரு அதிகாரி துப்பாக்கியோடு நின்று ஜனங்களை உட்கார வைத்தார். இத்தனை எடை கேட்டவர், எடை எங்கே போய் நிற்கும் என்று கேட்கவே இல்லை. சஞ்சய் சொன்ன பட்டன் இருந்திருந்தால் கேட்டைத் தாண்டும்போது கட்டைவிரலால் இறக்கியிருக்கலாம்.  

நண்பகலுக்கு உடல் கிடைத்தது, இரண்டு கிலோமீட்டர் தள்ளி.

மறுநாள் சுடுகாட்டில் லட்சுமம்மாவுக்கு அவள் அண்ணன் மகன் கொள்ளி வைத்தான். நாகேஷ் கைகால் ஓடாமல் இருக்கிறான், அதனால்தான் என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டார்கள். கணேசமூர்த்தியும் அப்படியே எடுத்துக்கொண்டார். நாகேஷின் பக்கத்தில்தான் நின்றார். ஒன்றிரண்டு முறை அவன் தோளில் கை வைத்தார். பதினோராம் நாள் காரியத்துக்கும் போய், கடைசிவரை இருந்து, இலை எடுத்த பிறகுதான் வீடு திரும்பினார்.

நடுவில் ஒரு நாள் சஞ்சயிடம் சொல்லத்தான் செய்தார். மோட்டார் உயரம், துளை, மூட்டை எல்லாவற்றையும் சொன்னார். சஞ்சய் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான்.

"சார், எதிர்பாராத வெள்ளம்னு ரிப்போர்ட் குடுத்தாச்சு. போலீசும் முடிச்சிட்டாங்க. யார் மேலயும் பழி சொல்லல. நீங்க அன்னிக்கு எத்தனை பேரைக் காப்பாத்தினீங்க! இதைக் கிளப்பி என்ன ஆகப்போகுது?"

கணேசமூர்த்திக்கு நிம்மதியாக இருந்தது. உண்மையைச் சொல்லியும் ஆயிற்று, ஒன்றும் ஆகவும் இல்லை. அந்த நிம்மதியோடு ஒரு வாரம் தூங்கவும் செய்தார்.

நாகேஷ் வேலைக்குத் திரும்பினான். பம்பைப் போட்டான், நிறுத்தினான், யாரிடமும் பேசவில்லை. சாப்பாட்டு நேரத்தில் பம்பு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். ஒரு நாள் கணேசமூர்த்தி கதவைத் தட்டி உள்ளே போனார். அவன் டிபன் டப்பாவைத் திறக்காமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நான்தான்ணா கூப்பிட்டேன். அவங்க பாட்டுக்கு உக்காந்திருந்தாங்க. நான் கூப்பிடலன்னா எந்திரிச்சிருக்கவே மாட்டாங்க," என்றான்.

"அப்படிச் சொல்லாதடா."

"எல்லாரும் அதான் சொல்றாங்க. ஆனா நடந்தது அதானே?"

அப்போது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. "சாப்பிடு முதல்ல," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். அன்று இரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை. பிரபா தட்டைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், என்ன என்று கேட்டாள். முதல்முறையாக எல்லாவற்றையும் அவளிடம் சொன்னார்.

"அந்தப் பையன்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"சங்கத்துல சொல்லிட்டேன்."

"சங்கமாங்க அம்மாவைப் பறிகொடுத்துச்சு?"

அவர் கைகழுவப் போய்விட்டார். அவளும் விடவில்லை, பின்னாலேயே வந்து நின்றாள். "எதுக்குப் பயப்படுறீங்க? அடிப்பானா? அடிச்சா வாங்கிக்கிட்டு வாங்க," என்றாள்.

அவர் பயந்தது அடிக்கு இல்லை. அந்தக் குடியிருப்பில் அவரை சூப்பர்வைசர் என்று பார்க்காமல், கைத்தொழில் தெரிந்தவர் என்று பார்த்தவன் நாகேஷ் ஒருவன்தான். அவன் முன்னால் தோற்றுப்போவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சொல்லப்போனால் அவ்வளவு அற்பமான காரணம்தான். அதற்காகத்தான் ஒரு பையனை, தன் தாயைத் தானே கொன்றதாக நம்பிக்கொண்டு இருபத்துநாலு நாள் நடமாட விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் போனார். தகரவீடுகளில் பாதி காலியாகிவிட்டன. நாகேஷின் வீட்டுத் தரை இன்னும் ஈரமாக இருந்தது. சுவரில் மார்பளவுக்குச் சேற்றுக்கோடு. நாகேஷ் ஒரே நாற்காலியை அவருக்குத் தள்ளிவிட்டு, கட்டிலில் உட்கார்ந்தான்.

"நாகேஷ், நான் சொல்றதைக் குறுக்க பேசாம கேளு. நீ கூப்பிட்டது தப்பில்ல. கயிறு வந்தா எவனும் அதைத்தான் செய்வான். மோட்டார் உயரத்துல இருந்துச்சு. நாலாவது துளை. நான் வெச்சது. ஜனங்க முன்னாடி போனா அது தண்ணியை விட்டுடும்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். கேட்டைத் தாண்டும்போது இறக்கியிருக்கணும், இறக்கல. பட்டன் வெச்ச பிளேட்டை வாங்கலாம்னு சஞ்சய் சார் சொன்னாரு, வேணாம்னதும் நான்தான்."

நாகேஷ் அவரையே பார்த்தான்.  

"ரெண்டாவது துளையில இருந்திருந்தா?"

சொல்ல முடியாது, யாருக்குத் தெரியும் என்று அவர் சொல்லியிருக்கலாம்.

"இழுத்திருக்கும்."

"எப்படி அவ்ளோ கரெக்டா சொல்றீங்க?"

"மூட்டையை முன்னாடி அடுக்கி ரெண்டு துளையிலயும் ஓட்டிப் பார்த்தேன். ரெண்டாவதுல பிடி விடல."

நாகேஷ் தலையை ஆட்டினான். அவன் தோள்கள் இறங்கின. இத்தனை நாள் தூக்கிக்கொண்டிருந்ததை இறக்கி வைத்தவன் மாதிரி நீளமாக மூச்சு விட்டான். அவன் அழப்போகிறான், அழட்டும் என்று கணேசமூர்த்தி காத்திருந்தார். அவன் அழவில்லை. ஏதோ கணக்குப் போடுவதுபோல நெற்றியைச் சுருக்கினான்.

"எப்போ ஓட்டிப் பார்த்தீங்க?"

"அடுத்த நாள் காலையில."

"அம்மா கிடைக்கறதுக்கு முன்னாடியா?"

"ஆமா."

"அப்ப சுடுகாட்டுல என் பக்கத்துல நின்னப்ப உங்களுக்குத் தெரியும்."

கணேசமூர்த்தி ஆமென்று தலையசைத்தார். 

"கொள்ளியை என் கையிலதான்ணா குடுத்தாங்க," என்றான் நாகேஷ். அவன் குரல் உயரவே இல்லை. "பெத்தவளைச் சாகடிச்ச கையால நெருப்பு வெக்கக் கூடாதுன்னு நான்தான் அதை மாமன் பையன்கிட்ட குடுத்துட்டேன். பதினோராம் நாளும் நான் எள்ளுத் தண்ணி விடல. அவங்களுக்கு இருக்கறது நான் ஒருத்தன். நீங்க என் தோள்மேல கை வெச்சுக்கிட்டு நின்னீங்க. அப்ப ஒரு வார்த்தை காதுல சொல்லியிருந்தா, எங்கம்மாவுக்கு நான் வெச்சிருப்பேனே."

போல்ட்டுக்காக அவன் என்ன கேட்டாலும் பதில் சொல்வதற்கென்று கணேசமூர்த்தி வந்திருந்தார். அடித்தால் வாங்கிக்கொள்வது, போலீசுக்குப் போனால் கூடப் போவது என்றுவரை யோசித்து வைத்திருந்தார். கொள்ளியைப் பற்றி அவர் யோசித்திருக்கவில்லை. நாகேஷ் தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டு, அவற்றைப் பார்த்து, இப்போதுதான் அழ ஆரம்பித்தான்.